ஹாப்கிடோவின் பிடி தெருவில் நிற்குமா?

கொரியத் தற்காப்புக் கலையான ஹாப்கிடோவின் வரலாறு ஒரு கைகலப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டு, கொரியாவின் டேகு நகரில் ஒரு மதுபான ஆலை. பன்றிகளுக்குத் தீவனமாகத் தானியக் கழிவு வாங்க வந்த சோய் யோங்-சூல் என்பவருக்கும் அங்கிருந்த சிலருக்கும் தகராறு முற்றியது. ஆலை உரிமையாளரின் மகன் சோ போக்-சோப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர். மேலே விழுந்தவர்களை அந்த மனிதர் மடக்கிப் போட்ட விதம் தான் கற்ற எதிலும் இல்லை என்று கண்டு, அவரை உள்ளே அழைத்துத் தனக்குச் சொல்லித் தரும்படி கேட்டார். 1951இல் டேகுவில் பயிற்சிக்கூடம் திறந்தது. ஹாப்கிடோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தொடக்கக் கதை இது. ஆகவே, இந்தக் கலை நிஜச் சண்டைக்கு உதவுமா என்று கேட்பது வெளியார் கிளப்பும் வம்பு அல்ல. தன்னைப் பற்றி அந்தக் கலையே சொல்லிக்கொண்ட முதல் செய்தியைச் சோதித்துப் பார்க்கும் கேள்வி அது.

சோய் சிறுவயதிலேயே ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, டைட்டோ-ரியூ அய்கி-ஜுஜுட்சுவின் ஆசான் தாகேடா சோகாகுவிடம் பல ஆண்டுகள் இருந்து கற்றதாகச் சொன்னார். தாகேடா தம்மிடம் கற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வாங்கும் வழக்கம் உள்ளவர். அந்த ஏடுகளில் சோயின் பெயர் கிடைக்கவில்லை. சோய் உண்மையிலேயே அவரிடம் கற்றாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அது வரலாற்றாசிரியர்களின் கவலை. பிடிகளைப் பார்த்தால் உறவுமுறை ஐயமறத் தெரிகிறது. மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றை முறுக்கிப் பூட்டுவது, எதிராளியின் விசையை வளைத்து அவனையே வீழ்த்துவது என்று எல்லாம் அந்த ஜப்பானிய மரபின் சாயல்தான். தாகேடாவிடம் கற்ற இன்னொருவரான உயேஷிபா மொரிஹெய் வளர்த்த அய்கிடோவிலும் இதே பிடிகளைக் காணலாம்.

கொரியாவில் இதோடு உதைகள் சேர்ந்தன. சோயிடம் கற்ற ஜி ஹான்-ஜே 1950களின் பிற்பகுதியில் சியோலுக்கு வந்து பயிற்சிக்கூடம் நடத்தினார். பார்க் சுங்-ஹீ ஆட்சிக்காலத்தில் அதிபரின் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி அளித்தார். புரூஸ் லீயின் ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் அவருடன் மோதுபவர்களில் இவரும் ஒருவர். ‘பில்லி ஜாக்’ படத்தின் சண்டைகளை அமைத்த ஹான் போங்-சூவும், ‘வே ஆஃப் தி டிராகன்’ படத்தில் வரும் ஹ்வாங் இன்-ஷிக்கும் ஹாப்கிடோக்காரர்களே. 1970களில் உலகம் இந்தக் கலையைத் திரையில்தான் பார்த்தது. மணிக்கட்டை ஒரு திருகு திருகினால் ஆள் காற்றில் சுழன்று விழுவான் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வந்தது. இன்றைய ஏமாற்றத்தில் பாதிக்கு அந்த எதிர்பார்ப்பே காரணம்.

பயிற்சிக்கூடத்தில் நடப்பதை உன்னிப்பாகக் கவனித்தால் சிக்கல் பிடிபடும். தாக்குபவராக நடிப்பவர் மணிக்கட்டைப் பற்றுகிறார். பற்றியபின் அப்படியே நிற்கிறார். அல்லது நீளமாக ஒரு குத்து விடுகிறார். விட்ட கையை மடக்காமல் நீட்டியே வைத்திருக்கிறார். கற்பவர் அந்தக் கையைப் பிடித்து, நகர்ந்து, முறுக்கி, கீழே கொண்டுவருகிறார். நிஜத்தில் குத்துபவன் கையை உடனே பின்னிழுக்கிறான். அடுத்த கை வந்துகொண்டிருக்கிறது. சட்டையைப் பற்றுபவன் பற்றியதோடு நிற்பதில்லை. இழுக்கிறான், தள்ளுகிறான், மறுகையால் அடிக்கிறான். வியர்த்து வேகமாக அசையும் கையில் மணிக்கட்டைத் தேடுவது விலாங்கு மீனின் வாலைப் பிடிக்கும் வேலை.

அதற்காக மூட்டுப் பூட்டே பொய் என்று சொல்லிவிட முடியாது. முழங்கை ஒரு திசையில்தான் மடங்கும்; எதிர்த்திசையில் போதிய விசை கொடுத்தால் அது எவனுடையதாக இருந்தாலும் முறியும். இதில் நம்பிக்கைக்கோ தத்துவத்துக்கோ வேலை இல்லை, எலும்பும் தசைநாரும் அப்படி அமைந்திருக்கின்றன. ஆனால் பூட்டு விழ வேண்டுமானால் உடல் தப்பிக்கும் வழி அடைபட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஒருவனின் கையை முறுக்கினால் அவன் முறுக்கின் போக்கிலேயே திரும்பலாம், ஓரடி எடுத்து வைக்கலாம், முழங்கையை இடுப்போடு ஒட்டி இழுக்கலாம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் முதலில் எதிராளியைத் தரையில் கிடத்தி, உடல் எடையால் அமுக்கி, இடுப்பும் தோளும் நகராதபடி செய்த பிறகுதான் கையைத் தேடுவார்கள். அதே முழங்கைப் பூட்டு அங்கே அன்றாடம் வெற்றி பெறுகிறது. மணிக்கட்டுப் பூட்டும் அவர்களிடம் உண்டு. வெள்ளைப் பட்டைக்காரர்களுக்குப் போட்டியில் அது தடை, மேலே உள்ளவர்களுக்கு அனுமதி. நின்றபடி பூட்ட வேண்டுமானால், தரையும் எடையும் செய்யும் அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். முகத்தில் ஓர் அடி, தாடையில் ஒரு தள்ளு, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், மறுகையைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு ஆள் என்று ஏதாவது ஒன்று. பழைய ஹாப்கிடோ ஆசான்கள் முதலில் அடி, பிறகு பிடி என்று சொல்லித் தந்ததன் காரணம் இதுவே. பல வகுப்புகளில் அந்த அடி இன்று ஒரு சைகையாகச் சுருங்கிவிட்டது.

பல கலைக்காரர்கள் கூண்டுக்குள் மோதும் யு.எஃப்.சி. போட்டி 1993இல் டென்வரில் முதன்முதலாக நடந்ததிலிருந்து ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. கூண்டுக்குள் ஹாப்கிடோவை ஏன் காணோம் என்று ஒரு தரப்பு கேட்கிறது. எங்கள் பிடிகள் ஆபத்தானவை, போட்டி விதிகள் தடுக்கின்றன என்கிறது மறுதரப்பு. இரண்டாவது பதில் முழுமையாக நிற்காது. இன்றைய கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) விதிகள் விரல்களை முறுக்குவதைத் தடுக்கின்றன, உண்மைதான். மணிக்கட்டை, முழங்கையை, தோளைப் பூட்ட எந்தத் தடையும் இல்லை. அனுமதி இருந்தும், நின்றபடி போடும் மணிக்கட்டுப் பூட்டால் முடிந்த ஆட்டங்கள் மிக அரிது. கையுறையும் கட்டுத்துணியும் மணிக்கட்டுக்குக் காப்பு தருகின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது. முதல் தரப்பும் ஒன்றை மறக்கிறது. பல மாதம் தயாராகி வரும், சம எடையுள்ள, தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை போராடும் ஒருவரை வெல்வது ஒரு வேலை. குடித்துவிட்டு உறவினர் வீட்டில் ரகளை செய்யும் ஒருவரைக் காயப்படுத்தாமல் வெளியே கொண்டுபோவது முற்றிலும் வேறொரு வேலை. கூண்டு முதலாவதை அளக்கும் சிறந்த கருவி. இரண்டாவதை அது அளப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் விடை தேடியிருக்கிறார். 1882இல் கோடோகன் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, பழைய ஜுஜுட்சு பள்ளிகளின் பிடிகளை இரண்டாகப் பிரித்தார். முழு வேகத்தில், முழு எதிர்ப்போடு பயில முடிந்தவற்றைத் தாராளப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். அப்படிப் பயின்றால் மூட்டு போய்விடும் என்பவற்றை, முன்கூட்டியே வரையறுத்த அசைவு வரிசைகளில் மட்டும் பாதுகாத்தார். இன்றும் ஜூடோ போட்டியில் முழங்கையை மட்டுமே பூட்டலாம்; மணிக்கட்டு விலக்கு. ஆபத்தான பிடிகளைக் கைவிட்டால் கலை மழுங்கிப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஆபத்துக் குறைந்த எறிதலை நாள்தோறும் எதிர்த்துப் போராடும் ஆள்மேல் பயின்றவர்களின் கை, ஆபத்தான பிடியை ஒத்துழைக்கும் ஆள்மேல் மட்டுமே பயின்றவர்களின் கையைவிட நம்பகமானதாயிற்று. ஹாப்கிடோ பற்றிய விவாதம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு செய்திதான். பிடியின் பயன் பிடியில் மட்டும் இல்லை, அது எந்த எதிர்ப்பில் பழகியது என்பதில் இருக்கிறது.

அப்படியானால் மணிக்கட்டுப் பிடிகளையும் எதிர்ப்போடு பழக வழியே இல்லையா? கானோவிடமும் உயேஷிபாவிடமும் கற்ற டோமிகி கென்ஜி அந்த முயற்சியில் இறங்கினார். 1958இல் வாசெடா பல்கலைக்கழகத்தில் அய்கிடோ மன்றம் தொடங்கி, காலப்போக்கில் போட்டி முறை ஒன்றை வளர்த்தார். ஒருவர் கையில் மென்மையான போலிக் கத்தி. அவர் மார்பையும் வயிற்றையும் குறிவைத்து நிஜமாகவே குத்த முயல்வார். மற்றவர் விலகித் தப்பி, அடக்க வேண்டும். பிறகு கத்தி கைமாறும். போட்டி என்பதையே உயேஷிபா விரும்பவில்லை; டோமிகி பின்வாங்கவுமில்லை. அடிப்படைப் பயிற்சிக்கு அவர் தேர்ந்துகொண்டது 17 பிடிகள் மட்டுமே. அந்தப் பட்டியலில் முகத்தையோ உடலையோ நேராகத் தள்ளி வீழ்த்துபவை 5, முழங்கையைப் பற்றியவை 5, மணிக்கட்டைப் பற்றியவை 4, சமநிலையை மிதக்கவிடுபவை 3. நூற்றுக்கணக்கான பிடிகளின் மரபு, எதிர்ப்பு என்ற சல்லடையில் விழுந்ததும் இப்படிச் சுருங்கியது. அதில் மணிக்கட்டுக்கு இடம் உண்டு, ஆனால் சிறிய இடம். மேடை நிகழ்ச்சியின் அழகும் அந்தப் போட்டிகளில் இல்லை. இழுபறியும் தடுமாற்றமுமாகத்தான் நடக்கும். தெருவில் நடப்பதற்கு அதுவே நெருக்கம்.

அச்சத்தின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் காவலர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள், பதற்றம் கூடும்போது கைது செய்யும் திறனும் தற்காப்புத் திறனும் சரிகின்றன என்று காட்டின. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை. பல படிகள் கொண்ட பிடியில் ஒரு படி தப்பினால் அடுத்த படிகள் எல்லாம் பயனற்றுப்போகும். அச்சத்தில் முதலில் தப்புவது அந்த நுணுக்கமே. பெரிய அசைவுகள் தாக்குப்பிடிக்கும். இருகையால் தள்ளுதல், தலையைக் காத்துக்கொள்ளுதல், எதிராளியைக் கட்டிப்பிடித்து அடி விழாமல் செய்தல், ஓடுதல் போன்றவை அந்த வகை.

நிஜச் சண்டை பற்றியும் நமக்குத் திரைப்படக் கற்பனையே மிகுதி. அமெரிக்கச் சமூகவியலாளர் ராண்டல் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட நூலில், பெரும்பாலான மோதல்கள் கத்தலோடும் மிரட்டலோடும் முடிந்துவிடுகின்றன, கைகலப்பாகும்போதும் மனிதர்கள் அச்சத்தாலும் இறுக்கத்தாலும் தடுமாறியே சண்டையிடுகிறார்கள் என்று விரிவாகக் காட்டினார். 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தகராறுகளை ஆராய்ந்தது. அவற்றில் 91 விழுக்காட்டில், பக்கத்தில் இருந்த ஒருவராவது குறுக்கே புகுந்து தடுக்க முயன்றிருக்கிறார். வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள் என்று நாம் நினைக்கும் கூட்டம் உண்மையில் கை கொடுக்கிறது. ஹாப்கிடோவின் மதிப்பை எடைபோடுபவர்கள் எப்போதும் தாக்கப்படுபவரின் இடத்திலேயே நின்று பார்க்கிறார்கள். விலக்கிவிடுபவரின் இடத்திலிருந்து பார்ப்பதே இல்லை. ஒருவரின் முழங்கையைப் பின்னாலிருந்து பற்றி, உடலோடு அணைத்து, அடிக்காமல் அப்பால் நடத்திச் செல்வது இந்தக் கலை அழகாகச் சொல்லித் தரும் வேலை. அவர் கவனமும் கோபமும் வேறொருவர்மேல் இருப்பதால் பிடியும் எளிதில் விழும்.

காவல் துறைகள் இந்த வகைப் பிடிகளை விடாமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். தென்கொரியாவில் காவலர் தேர்வுக்குச் செல்வோருக்கு ஹாப்கிடோ டான் (கறுப்புப் பட்டை) பட்டம் நீண்ட காலம் கூடுதல் மதிப்பெண் பெற்றுத் தந்திருக்கிறது. காவலர் தனியாளாக மணிக்கட்டைத் திருகி ஆளைப் பறக்கவிடுவதில்லை. இருவர் சேர்ந்து ஆளுக்கொரு கையைப் பற்றுகிறார்கள்; பூட்டு அப்போது வலியால் வீழ்த்துவதற்கல்ல, கையைப் பின்னால் கொண்டுசென்று விலங்கிடும்வரை நிலைநிறுத்துவதற்கு. மருத்துவமனைக் காவலர், மதுக்கூடக் காவலர் தேவையும் இதுவே. குப்புறக் கிடத்தி முதுகில் எடையை ஏற்றி வைத்திருந்தால் மூச்சடைத்து உயிரே போகக்கூடும் என்பதை இந்தப் பயிற்சிகளில் அழுத்திச் சொல்லித் தர வேண்டும். அடக்கியபின் பக்கவாட்டில் திருப்பிவிடத் தெரியாதவர் கையில் இந்தப் பிடிகளைக் கொடுக்கக்கூடாது.

சட்டமும் இதில் ஒரு தரப்பு. கொரியாவில் தற்காப்பு உரிமையை நீதிமன்றங்கள் மிகக் குறுக்கியே பார்த்துவந்தன. 1964இல் கிம்ஹேயில் 18 வயதுப் பெண் ஒருவர், தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்றவனின் நாக்கைக் கடித்துத் தப்பினார். கடுங்காயம் விளைவித்ததாக அவருக்கே தண்டனை விதித்தார்கள். அது தவறு என்று மறுவிசாரணையில் அவரை விடுவிக்க 2025 ஆயிற்று. அறுபது ஆண்டுகள்! இப்படிப்பட்ட சூழலில், காயம் விளைவிக்காமல் அடக்கும் கலை என்ற ஹாப்கிடோவின் வாக்குறுதி ஏன் அங்கே ஈர்த்தது என்பது விளங்கும். இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்ற வரம்பு இங்கும் உண்டு. அந்தப் பெண் தப்பித்ததும் எந்த நுணுக்கப் பிடியாலும் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

கத்தி பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாப்கிடோ உட்படப் பல கலைகளில், குத்த வரும் கையைப் பிடித்துத் திருகிக் கத்தியைப் பறிக்கும் பிடிகள் உண்டு. நிஜத்தில் கத்திக்காரன் கையை நீட்டி ஒரே ஒரு குத்து விட்டு நிற்பதில்லை. ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் மிக நெருக்கத்தில் மடமடவென்று குத்துகிறான். பல நேரம் கத்தி இருப்பதே முதல் குத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. ஓட வழியிருந்தால் ஓடுவது, கையில் கிடைத்த நாற்காலியையோ பையையோ இடையில் வைப்பது, வேறு வழியே இல்லாதபோது கத்திக் கையை இரு கையாலும் இறுக்கி விடாமல் உடலோடு அணைத்துக்கொள்வது. இதற்கு மேல் உறுதி தருபவர் மாணவரின் உயிரை வைத்துப் பேசுகிறார்.

உதைகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போடும் தாழ்ந்த உதைகள் பயனுள்ளவை, அவை ஹாப்கிடோவில் நிறைய உண்டு. சுழன்றடிக்கும் உயர்ந்த உதைக்கு இடமும் பிடிமானமுள்ள தரையும் வேண்டும்.

பலரும் கண்டுகொள்ளாத ஒன்று விழும் கலை. ஹாப்கிடோவில் தொடக்க மாதங்களில் இதற்குக் கணிசமான நேரம் போகிறது. தாடையை மார்போடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், விசையைக் கை, தோள், முதுகு என்று பரப்பி உருண்டு எழுதல். சண்டைகளில் உயிர் போகும் வழிகளில் ஒன்று, ஒரு குத்தில் நிலைகுலைந்து பின்மண்டை தரையில் அடிபடுவது. சண்டையே இல்லாத வாழ்க்கையிலும் விழுதல் உண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஹாப்கிடோ தரும் திறன்களில் வாழ்நாளில் பயன்படும் வாய்ப்பு மிகுந்தது எது என்று கேட்டால், நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு என்ற பெயரில் விற்கப்படுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு வார இறுதியில் பத்துப் பதினைந்து மணிக்கட்டுப் பிடிகளைக் காட்டிவிட்டு, இனி அச்சமில்லை என்று அனுப்பிவைக்கிறார்கள். பற்றிய கையிலிருந்து விடுபடும் எளிய அசைவு உண்மையில் நல்லது. கட்டைவிரல் பக்கமாக, முழு உடலையும் திருப்பி இழுத்தால் பிடி தளர வாய்ப்புண்டு, பெண்களையும் குழந்தைகளையும் கையைப் பற்றி இழுத்துப் போவது நடக்கும் செயல்தான். அதற்கு அப்பால் எது உதவுகிறது என்று சோதித்துப் பார்த்த சான்று நம்மிடம் இருக்கிறது. கனடாவில் விண்ட்சர், குவெல்ஃப், கால்கரி பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியர் 893 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூன்று மணிநேர அமர்வுகள் நான்கு. மற்றதற்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஓராண்டுக்குப் பின் வன்புணர்வுக்கு ஆளானோர் விகிதம் பயிற்சி பெற்றவர்களிடம் 5.2 விழுக்காடு, மற்றவர்களிடம் 9.8. அந்தப் பன்னிரண்டு மணிநேரத்தில் உடல் ரீதியான தற்காப்பு சிறு பகுதியே. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டி உணர்வது, இவன் நம்மவனாயிற்றே என்ற தயக்கத்தைக் கடப்பது, உரக்க மறுப்பது ஆகியவையே மற்றவை. ஹாப்கிடோ மாஸ்டர்கள் இந்த ஆய்வைத் தங்கள் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்வேன். மணிக்கட்டுப் பிடிக்குப் போகும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் போதும்.

ஹாப்கிடோ என்பது ஒரே பொருளும் அல்ல. உலகம் முழுவதற்கும் ஒரு தலைமையோ பாடத்திட்டமோ அதற்கு அமையவில்லை. ஆசான்கள் பிரிந்து பிரிந்து தனித்தனிச் சங்கங்கள் ஆயின. ஒரு கூடத்தில் மாணவர்கள் கையுறை அணிந்து மோதுகிறார்கள், ஜூடோக்காரர்களோடு உருள்கிறார்கள். அடுத்த தெருக் கூடத்தில் பட்டைத் தேர்வுக்காகப் பிடிகளை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டுக்கும் பெயர்ப்பலகை ஒன்றே. ஆகவே ஹாப்கிடோ பயன்படுமா என்பதைவிட இந்தக் கூடத்துப் பயிற்சி பயன்படுமா என்று கேட்பதே சரி. அதற்கு விடை காண ஒரு மாலை போதும். பிடிக்கப்படுபவர் கையைப் பின்னிழுக்கிறாரா, மறுகையால் அடிக்கிறாரா, பிடி நழுவினால் மாஸ்டர் அடுத்து என்ன செய்யச் சொல்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூடங்கள் செய்யக்கூடியதும் கடினமானதல்ல. வகுப்பின் கடைசி இருபது நிமிடங்களுக்கு வரிசைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, வாய்க்காப்பும் மென் கையுறையும் அணிவித்து, ஒருவர் அடக்க முயலவும் மற்றவர் முழுமனத்தோடு தப்ப முயலவும் விடலாம். விரலும் மணிக்கட்டும் முறியாமலிருக்க, பூட்டு விழுந்த கணமே விட்டுவிடுவது என்ற விதி போதும். முதல் சில மாதங்கள் பெரும்பாலான பிடிகள் நழுவும். எது நின்றது, யார்மேல் நின்றது, முன்னால் ஓர் அடி விழுந்த பிறகா, சுவரோரத்திலா, இருவர் சேர்ந்து பிடித்தபோதா என்று ஒவ்வொரு கூடமும் குறித்துவைத்து, ஓராண்டுக்குப் பின் அந்தக் குறிப்பைப் புதிய மாணவர்கள் கையில் கொடுக்கலாம்.